அந்தக் கைகள் சொல்லாதது

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்த ஒரு புரட்டாசி மாதத்தில், திருத்தங்கலில் எங்கள் வீட்டில் நடந்தது இது. ஒரு மதிய நேரம் எனக்கு வந்த தொலைபேசி அழைப்பில் ஆரம்பித்தது.

அதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. அப்பா பட்டாசு ஆலையில் வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவர். நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, ஓர் ஆடி மாதம், அந்த அறையில் நடந்த வெடி விபத்தில் இறந்துபோனார். அதன் பிறகு அம்மா பட்டாசுச் சரம் பின்னியே என்னைப் படிக்க வைத்தார். மதுரைக் கல்லூரியில் சேரப் போனபோது, தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுத்தால் மார்க் அள்ளலாம் என்று வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் சொன்னாள். மார்க்குக்காக எடுத்த மொழி என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. புதுச்சேரிக்குப் போய் அதிலேயே எம்.ஏ. முடித்தேன். இப்போது வீட்டில் இருந்தபடியே பிரெஞ்சில் இருப்பதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறேன். சென்னையில் உள்ள ஒரு நிறுவனம் வேலையை அனுப்பும்.

அம்மாவுக்கு இதில் பெருமை தாங்காது. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது சொல்லாமல் இருக்க மாட்டார்.

"எம் மக ஒரு வெளிநாட்டுக்காரன் எழுதுனதப் படிச்சு இன்னொரு வெளிநாட்டுக்காரனுக்கு எழுதிக் குடுக்கா."

பக்கத்து வீட்டு அத்தை குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே கேட்பார். "ஏன் மதினி, அவுகளுக்குள்ள பேச்சுவார்த்தை கெடையாதாக்கும்? நம்ம புள்ள போயித்தேன் சமாதானம் பண்ணனுமா?"

அம்மாவுக்கு ரோஷம் வந்துவிடும். "ஒனக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தேன்" என்று குடத்தை நகர்த்துவார்.

ஆனால் எந்த மாதிரிக் காகிதங்களை நான் மொழிபெயர்க்கிறேன் என்பதை மட்டும் அம்மாவிடம் முழுதாகச் சொன்னதில்லை. "இன்சூரன்ஸ் பேப்பர்" என்று சொல்லி வைத்திருந்தேன். ஆரம்பத்தில் வந்தவை இயந்திரக் கையேடுகளும் ஒப்பந்தங்களும்தான். பிறகு பிரேதப் பரிசோதனை அறிக்கைகள் வர ஆரம்பித்தன. பிரெஞ்சு பேசும் நாடுகளில் விபத்தில் இறந்தவர்களைப் பற்றிய அறிக்கைகள் அவை. உடல் விறைத்திருந்த அளவு, ரத்தம் எந்தப் பக்கம் தங்கித் தோலின் நிறம் மாறியிருந்தது, தோல் எங்கே எப்படி உரிந்திருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் உண்டு. இந்த வேலைக்கு ஆள் எளிதில் கிடைப்பதில்லை. முகம் சுளித்துப் பலர் விட்டுவிடுவார்கள். நான் விடவில்லை. சிவகாசிப் பக்கத்துப் பெண்ணுக்கு இதெல்லாம் பயமா என்று ஒரு வீம்பு. கணக்குப் போடுவது மாதிரி ஒவ்வொரு வரியாகப் பெயர்த்துக்கொண்டு போவேன்.

அந்தப் புரட்டாசியில் வந்தது ஆப்பிரிக்கத் துறைமுக நகரம் ஒன்றில் கிடங்கு தீப்பிடித்த வழக்கு. இறந்த தொழிலாளி ஒருவரின் அறிக்கையில் 'குத்துச்சண்டை வீரனின் நிலை' என்று ஒரு தொடர் இருந்தது. முழங்கை மடங்கி, முஷ்டி இறுகி, இரண்டு கைகளும் முகத்துக்கு முன்னால் உயர்ந்திருப்பதை அப்படிச் சொல்கிறார்கள். அதற்கு ஆங்கிலத்திலும் நிலைபெற்ற சொல் இருக்கிறது. அகராதியில் கிடைத்தது, போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். படிப்பவர்களுக்குத் தெளிவாக இருக்கட்டும் என்று நானாக அரை வரி சேர்த்தேன்: 'தீயிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளப் போராடியதைக் காட்டும் விதமாக.'

அப்படிச் சேர்க்க எனக்குக் கொஞ்சமும் யோசனை தேவைப்படவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் அது ஊரறிந்த உண்மை. விபத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருபவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். "கும்பிட்ட மேனிக்கே கெடந்தான்" என்பார்கள். "கை நீட்டிக் கூப்புட்டுருக்கான், யாரும் போகல" என்பார்கள். என் அப்பாவைப் பற்றிச் சொன்னது, "கதவத் தட்டுன மேனிக்கு இருந்தாரு". அம்மா காதில் விழாதபடி பெரியவர்கள் பேசியதைச் சின்னப் பிள்ளையாக நான் கேட்டிருக்கிறேன்.

அறிக்கையை அனுப்பிய மறுநாள் மதியம் புதிய எண்ணிலிருந்து அழைப்பு. எங்கள் மொழிபெயர்ப்பில் மருத்துவச் சொற்களைச் சரிபார்க்கும் தடயவியல் மருத்துவர். அவர் பெயரைக் கோப்பின் ஓரக் குறிப்புகளில் பார்த்திருக்கிறேன், பேசியது இல்லை. பெண் குரல், கொங்குப் பக்கத்துப் பேச்சு. குரலைக் கேட்டால் என்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருக்கலாம் என்று தோன்றியது.

"ஏனுங்க, இந்த அரை வரி பிரெஞ்சுல இருக்குதுங்களா?"

"இல்லை டாக்டர். படிக்கிறவங்களுக்குப் புரியணுமேன்னு நான் சேர்த்தேன்."

"என்ன புரியோணும்?"

"அவர் கடைசி வரைக்கும் போராடியிருக்கார்னு."

"அப்படின்னு யாருங்க சொன்னது?"

எனக்குச் சுருக்கென்றது. "டாக்டர், நான் சிவகாசிப் பக்கம். தீயில போனவங்களை எங்க ஊர்க்காரங்க நிறையப் பார்த்திருக்காங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் இது."

அவர் கோபப்படவில்லை. பாடம் நடத்தும் தொனியும் இல்லை. "எல்லாருக்கும் தெரிஞ்சது தப்பா இருக்குதுங்க" என்றார். பிறகு நிதானமாகச் சொன்னார். கடும் சூடு பட்டால் தசை சுருங்கும். கையை மடக்குகிற தசைகள் நீட்டுகிற தசைகளைவிட வலுவானவை. அதனால் கை தானாக மடங்கி உயரும், விரல்கள் மூடிக்கொள்ளும். உயிர் இருக்கும்போது தீப்பட்டாலும் அப்படித்தான், உயிர் போன பிறகு தீப்பட்டாலும் அப்படித்தான். அந்தக் கையை வைத்து, இறந்தவர் சண்டை போட்டார், கும்பிட்டார், கூப்பிட்டார் என்று எதுவும் சொல்ல முடியாது.

நான் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னை அறியாமல் வாய் கேட்டுவிட்டது. "கதவைத் தட்டின மாதிரி இருந்தாலுமா?"

"யாருங்க கதவைத் தட்டினது?" என்றார்.

சொன்னேன். முன்பின் தெரியாத ஒருவரிடம், அப்பாவைப் பற்றி, முதல் தடவையாக. அவருக்குப் பின்னால் யாரோ அவரை வேலைக்குக் கூப்பிடுவது எனக்குக் கேட்டது. "வர்றேன், வர்றேன்" என்று அங்கே சொல்லிவிட்டு, நான் முடிக்கும்வரை போனை வைக்காமல் இருந்தார். கடைசியில் அவர் சொன்னது இதுதான்.

"முதல்ல அந்த அரை வரியை எடுத்துருங்க. இல்லாட்டி அங்கயும் ஒரு வீட்டுல உங்க வீடு மாதிரியே காலம் பூரா நினைச்சுட்டு உக்காந்திருப்பாங்க."

எடுத்தேன். படித்தவள் என்ற பெருமையோடு உட்கார்ந்து, எங்கள் ஊரின் வேதனையை நான் கடல் தாண்டி ஏற்றுமதி செய்யப் பார்த்திருக்கிறேன்.

இதை அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று அப்போதே தோன்றியது. ஆனால் எப்படிச் சொல்வது? வீட்டில் அப்பாவின் சாவைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. சொல்வதானால் கூடவே, "அப்பாவுக்கு எதுவும் தெரிஞ்சிருக்காதும்மா, ஒரு நொடியில போயிட்டாரு" என்று சேர்த்துச் சொல்லிவிடலாமா என்று மனம் அடித்துக்கொண்டது. அம்மாவுக்கு அது ஆறுதலாக இருக்கும். ஆனால் அது எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அதுவும் நானாகச் சேர்க்கிற இன்னொரு அரை வரிதான். சொல்லவும் முடியாமல் விடவும் முடியாமல் நாட்கள் போயின.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் காலையிலேயே வானம் கறுத்து இடி இடித்தது. இடி, மின்னல் என்றால் பட்டாசு கம்பெனியில் வேலையை நிறுத்தி ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அம்மா அந்த சீசனில் கிப்ட் பாக்ஸ் பேக்கிங் பிரிவில் இருந்தார். எந்த நேரமும் வரலாம் என்பதை மறந்து, நான் அதே வழக்கின் அடுத்த அறிக்கையில் மூழ்கியிருந்தேன். ஒரு சந்தேகத்துக்காக டாக்டரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தேன்.

"இவருக்கும் முழங்கை மடங்கி, முஷ்டி மூடித்தான் இருந்திருக்கு டாக்டர்..."

பின்னால் டிபன் தூக்கு தரையில் வைக்கப்படும் சத்தம். திரும்பினால் அம்மா. தலைமுடியில் தூறல்.

"யாருக்குத் தாயி கை மடங்கி இருந்துச்சு?"

"ஒண்ணுமில்லம்மா, ஆபீஸ் வேல."

"தீயில போனவுகளா?"

நான் தலையாட்டினேன். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தார். போனைக் காட்டி, "அது யாரு?" என்றார். "டாக்டர். இந்த மாதிரி இறந்தவங்களைப் பாக்குற டாக்டர்" என்றேன். நான் தடுப்பதற்குள் அம்மா போனைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"டாக்டரம்மா, நாங்க இங்கன திருத்தங்கல்ல இருந்து பேசுறோம். நல்லா இருக்கீகளா?"

"நல்லா இருக்கேனுங்கம்மா. நீங்க?"

"இருக்கேன். ஒண்ணு கேக்கணும். கை மடங்கி, இப்பிடி மூடி, தூக்குன மேனிக்கு இருந்தா என்னா அர்த்தம்?"

டாக்டருக்கு யார் பேசுவது என்று புரிந்துவிட்டது. அவசரப்படாமல், எனக்குச் சொன்னதையே இன்னும் எளிதாகச் சொன்னார். அம்மா கண்ணிமைக்காமல் கேட்டார். பிறகு தன் வேலையிலிருந்து ஒன்றைச் சொல்லிக் கேட்டார்.

"கிப்ட் பாக்ஸுக்கு மேல கவர் போட்டு மெஷினுக்குள்ள விடுவோம். சூட்டுல அது சுருங்கி இறுக்கிப் பிடிச்சுக்கிரும். அது கணக்காவா?"

"அதேதானுங்கம்மா. சூடு பட்டதும் சுருங்குது. அவ்வளவுதான்."

"அவுகளாத் தூக்குறது இல்லையா?"

"இல்லீங்கம்மா."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. போனையே பார்த்தபடி சொன்னார்.

"கதவச் சாத்துனது நாந்தேன் டாக்டரம்மா."

எனக்கு ஒரு கணம் காதில் விழுந்தது என்ன என்றே புரியவில்லை.

அம்மா அதே குரலில் சொல்லிக்கொண்டு போனார். அப்போது அம்மாவும் அதே கம்பெனியில்தான் வேலை பார்த்தார், அது எனக்குத் தெரியும். மருந்து அறைக்கு எதிரெதிராக இரண்டு கதவுகள், இரண்டும் வெளிப்பக்கமாகத் திறக்கும். வேலை நேரத்தில் இரண்டும் திறந்தே இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் ஆடிக் காற்று அடித்தால் அலுமினியப் பொடி பறந்து மேலெல்லாம் அப்பும். அதனால் காற்று வரும் பக்கத்துக் கதவைச் சாத்திவிடுவது எல்லா அறையிலும் வழக்கம். அன்றைக்கு அப்பாவுக்குக் குடிதண்ணீர் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து, அம்மாவே அந்தக் கதவைச் சாத்தியிருக்கிறார். காற்றில் திறந்து அடித்துக்கொள்ளாமல் இருக்க வெளியிலிருந்து ஒரு கல்லையும் அண்டக் கொடுத்திருக்கிறார். தன் இடத்துக்குப் போய் உட்காருவதற்குள் வெடித்துவிட்டது.

"அந்தக் கதவுக்கிட்டத்தேன் கெடந்தாக. கை ரெண்டும் இப்பிடி இருந்துச்சு. நான் பாத்தேன். தட்டியிருக்காக. எம் பேரச் சொல்லித்தேன் கூப்புட்டுருப்பாக. நான் சாத்துன கதவு."

அம்மா வீட்டில் இருக்கும்போது எங்கள் வீட்டில் எந்தக் கதவும் சாத்தியிருக்காது. புழுதி அள்ளிக் கொட்டினாலும் சாத்த விடமாட்டார். தெருவே கேலி செய்யும். காற்றுக்காக என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

டாக்டர் ஆறுதலாக ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லிவிடமாட்டாரா என்று நான் ஏங்கினேன். அவர் சொல்லவில்லை.

"இன்னொரு கதவு திறந்திருந்துச்சுங்களாம்மா?"

"அது தெறந்துதேன் இருந்துச்சு."

"அம்மா, அன்னிக்கு உள்ளே என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன். ஆனா வெடிக்கும்போது ஆளைத் தூக்கி வேற பக்கம் போட்டுரும். எங்க கிடந்தார்ங்கறதை வச்சு எங்க நின்னார்னு சொல்ல முடியாது. அந்தக் கையை வச்சுக் கதவைத் தட்டினார்னும் சொல்ல முடியாது. இந்த ரெண்டும் எனக்கு உறுதியாத் தெரியும்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. டாக்டர் தொடர்ந்தார். அப்போது எடுத்த பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகல் வாங்க முடிந்தால் அனுப்பச் சொன்னார். உள்ளுறுப்புகளைப் பற்றிய குறிப்புகளைப் பார்த்தால் இன்னும் சில விஷயங்கள் தெரியலாம், தானே படித்துச் சொல்வதாகவும் சொன்னார்.

அம்மா யோசித்தார். "வேண்டாம் தாயி" என்றார். "எனக்குக் கனவுல வாரது அந்தக் கை மட்டுந்தேன். அதுக்குப் பதில் கெடச்சிருச்சு. மத்தது இருந்துட்டுப் போகட்டும்."

போனை வைத்த பிறகு நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எல்லாரும்தானம்மா காத்துக்குக் கதவைச் சாத்துவீங்க. நீ மட்டுமா?" என்றேன்.

"எல்லாருந்தேன் சாத்துனாக. எம் புருசன் இருந்த ரூம் கதவச் சாத்துனது நான்." அம்மா தன் இரண்டு கைகளையும் மடக்கி முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். மெல்ல விரித்து மடியில் போட்டுக்கொண்டார். "சாத்துனது சாத்துனதுதேன் தாயி. அது எங்கயும் போகாது. ஆனா அவுக கூப்புட்டாக, நான் போகலன்னு இம்புட்டு நாளா இருந்துச்சு பாரு, அத அந்தப் புள்ள எடுத்துப் போட்டுருச்சு."

அதற்குப் பிறகுதான் அழுதார். நானும் அழுதேன். அழுது முடித்ததும் அம்மாவுக்குக் கவலை வேறு பக்கம் திரும்பிவிட்டது.

"அந்தப் புள்ளைக்கு என்னத்தக் குடுக்கது? ஒரு கிப்ட் பாக்ஸ் அனுப்பிச்சு விடுவமா, பெரிய பாக்ஸா?"

"பட்டாசையெல்லாம் பார்சல்ல போட மாட்டாங்கம்மா."

"பஸ்ல குடுத்து விடு."

"பஸ்லயும் ஏத்த மாட்டான்."

"ஊருக்கே இங்கேருந்துதேன் போகுது, எப்பிடித்தேன் போகுதாம்?" என்று அம்மா சண்டைக்கு வந்தார். டாக்டரிடமே கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். "வேண்டவே வேண்டாமுங்க. வெடிச் சத்தம்னா எனக்கு ஆகாது. தீபாவளி அன்னிக்குக் காதுல பஞ்சு வச்சுட்டு உள் ரூம்ல உக்காந்துக்குவேன்." தினமும் சவக்கிடங்கில் நிற்பவர், ஊசிவெடிக்குப் பயப்படுகிறார். அம்மாவிடம் அதைச் சொன்னபோது ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வாங்கி அனுப்பினோம். போய்ச் சேர்ந்ததா, கெடாமல் இருந்ததா, எல்லாரும் சாப்பிட்டார்களா என்று என்னைப் போன் போட வைத்து அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த டாக்டரை இதுவரை நான் நேரில் பார்த்ததில்லை. கோப்பில் இருந்த ஒரு பிழையைத் திருத்துவது மட்டும்தான் அவர் வேலை. ஓரத்தில் ஒரு கோடு போட்டு அனுப்பியிருந்தால் போதும், அவர் கடமை முடிந்திருக்கும். ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்பதற்காக ஒருவர் போனை எடுத்தார். பதில் வந்ததும் வைத்துவிடாமல் இருந்தார். அதற்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

இப்போதும் அந்த மாதிரி அறிக்கைகள் வருகின்றன. என்ன வேலை என்பது அம்மாவுக்கு இப்போது தெரியும். சில சமயம் பக்கத்தில் வந்து, "இவுகளுக்குப் புள்ள குட்டி இருக்கா?" என்று கேட்பார். அறிக்கையில் அது இருக்காது. "தெரியலம்மா" என்பேன். "பாத்து எழுது" என்று சொல்லிவிட்டுப் போவார். நானும் பார்த்துத்தான் எழுதுகிறேன். அறிக்கையில் இருப்பதை எழுதிவிட்டு, இல்லாதது வரும் இடத்தில் நிறுத்திக்கொள்கிறேன்.

முன்பெல்லாம் வீட்டில் அப்பா என்ற பேச்சே எழாது. இப்போது சோறு போடும்போது அம்மாவாகவே ஆரம்பிக்கிறார். வேலை முடிந்து வரும்போது அலுமினியப் பொடி அப்பி வெள்ளிச் சிலை மாதிரி மின்னுவாராம். குளிக்காமல் தூக்க வந்தால் நான் அலறி ஓடுவேனாம், வேண்டுமென்றே துரத்துவாராம். தோசை ஓரம் முறுகவில்லை என்றால் தட்டைத் தள்ளிவிட்டு ஒரு குழந்தையைப் போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாராம். எனக்கு அரைகுறையாகவே நினைவில் இருக்கும் அப்பாவை அம்மா கொஞ்சம் கொஞ்சமாக எனக்குத் தருகிறார். முகம் தெரியாத ஒருவர், தெரிந்ததை மட்டும் சொல்லி, தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நேர்மையோடு எங்களிடம் பேசியதால், என் அம்மாவுக்கு இன்று கணவரை நினைத்தால் முதலில் தோன்றுவது அந்தக் கைகள் அல்ல, அவர் முகம்.